ரசிகர் பரிசு

போன் அடித்ததும் தனகோடி உப்புக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டாள். பாத்திகளில் நின்ற பெண்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். காலையிலிருந்து அந்த உப்பளமே இந்த போனுக்காகத்தான் காத்துக்கிடந்தது.

மறுமுனையில் மகள் சிவசங்கரி அழுதாள்.

ஜெர்மனியில் சர்வதேச வயலின் போட்டி. நடுவர்கள் தரும் பரிசுகளெல்லாம் வேறு பிள்ளைகளுக்குப் போய்விட்டன. அதற்கு அவள் அழவில்லை. பார்க்கிறவர்கள் போனில் ஓட்டுப் போட்டுத் தருகிற ரசிகர் பரிசு ஒன்று இருந்தது. பரிசு, ஒரு வயலின்.

அவள் இப்போது வாசிப்பது இடையஞ்சாவடிப் பக்கத்து இசைப்பள்ளியின் இரவல் வயலின். ஊர் திரும்பியதும் கொடுத்துவிட வேண்டும். சொந்தமாக ஒன்று வாங்க அந்த வீட்டுக்கு வக்கில்லை.

"ஓட்டுல நான்தாம்மா ஃபர்ஸ்ட். மேடைக்கிட்ட போயி நின்னுட்டேன். அப்புறம் கள்ள ஓட்டுன்னுட்டாங்க. ஒரே எடத்துலேர்ந்து கடகடன்னு விழுந்திருக்குதாம். வயலினை வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க. எல்லாரும் என்னைத் திருடி மாதிரி பாக்கறாங்க."

பெண்கள் எல்லோரும் தனகோடியைப் பார்த்தார்கள்.

நேற்று அவள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு ஈ.சி.ஆர். ரோட்டில் நின்றாள். உப்பு லாரி டிரைவர்கள், அனுமந்தை மீன்காரர்கள், பாண்டி பஸ்ஸின் ஜன்னலோரத்து ஆட்கள், யாரையும் விடவில்லை. ஒரு கல்யாண வேனையே கைகாட்டி நிறுத்தினாள். மாப்பிள்ளையும் போனை நீட்டினார். எல்லோரையும் மகளின் வாசிப்பைக் கேட்க வைத்தாள். தனகோடிக்கு இங்கிலீஷ் தெரியாது. மகளின் படத்தைப் பார்த்து ஒவ்வொரு போனிலும் அவளே ஓட்டை அழுத்தினாள்.

ஒன்றுகூடக் கள்ள ஓட்டு இல்லை. கேட்டவர்கள் மனசாரக் கொடுத்தது.

அதைச் சொல்லத்தான் தனகோடி வாயெடுத்தாள். மகள் முந்திக்கொண்டாள்.

"என் மேல பொறாமைல எவங்களோ பண்ணிட்டாங்கம்மா. அவங்க நல்லாவே இருக்க மாட்டாங்க."

பக்கத்தில் நின்ற மங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கப் போனாள். தனகோடி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கைக்கு வந்த வயலின் கைவிட்டுப் போனது போனதுதான். அம்மாவைச் சபித்துவிட்டோம் என்று வேறு தெரிந்தால் பிள்ளை ஆயுசுக்கும் அழும்.

மங்கம்மாவின் கையை விடாமலே போனில் சொன்னாள்.

"ஆமா கண்ணு, நாசமாத்தான் போவாங்க. நீ சாப்ட்டியா?"