அக்காவின் அடி

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையை விரித்துக் காட்டினான். உள்ளங்கை இரண்டும் சிவந்து கிடந்தன.

நேற்று அப்படி இல்லை.

நேற்று அந்த அறைக்குள் போனவள் நான்தான். முழங்கை வரை சோப்புப் போட்டேன், மாஸ்க் போட்டேன், கட்டிலைத் தொடாமல் தள்ளியே நின்றேன். ஆனால் பேச்சுவாக்கில் மாஸ்கை விலக்கி ஒரு தடவை மூக்கைச் சொறிந்துவிட்டேன்.

சனியன் பிடித்த மூக்கு.

அவன் உடம்பில் இப்போது எதிர்த்து நிற்க ஆளில்லை. ரத்தத்தில் இருந்த புற்றை ஒழிக்கக் கொடுத்த மருந்து, காவலுக்கு இருந்ததையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. நமக்கு இரண்டு தும்மலோடு போகிற கிருமி அவனைக் கொண்டே போய்விடும்.

சின்ன வயதில் அவனை நான் அடிக்காத நாள் கிடையாது. ரிமோட்டுக்கு அடி, ஜன்னலோர சீட்டுக்கு அடி, ஒன்றுமே இல்லாவிட்டாலும் அடி. வாங்கிக்கொண்டு அம்மாவிடம் போகமாட்டான். என் பக்கத்திலேயே வந்து உட்காருவான், லூசு.

டாக்டரம்மா அவனைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் மூக்கு விஷயத்தைக் கொட்டிவிட்டேன்.

"காரணம் நீங்கதான். ஆனா மூக்கு இல்ல, இடுப்பு."

போன மாதம் என் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்து அவனுக்கு ஏற்றியிருந்தார்கள். அது அவனுக்குள் வேர் பிடித்துவிட்டதாம். அதிலிருந்து பிறந்த என் காவல் அணுக்களுக்கு அவன் உடம்பு அடையாளம் தெரியவில்லை, அதனால் அவனையே அடிக்கின்றனவாம்; உள்ளங்கை சிவந்தது அதில்தானாம்.

தோலோடு நின்றால் நல்லதுதானாம். எங்கேயாவது ஒளிந்திருக்கும் புற்றையும் அவையே தேடிப்பிடித்து அடிக்கும். குடலுக்கும் ஈரலுக்கும் போய்விட்டால் என்று ஆரம்பித்தவர், அடக்குவதற்கு மருந்து ஏற்றுகிறோம், பார்ப்போம் என்று முடித்துக்கொண்டார். நானும் மேலே கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

கண்ணாடி ஓரத்தில் மாட்டியிருந்த போனை எடுத்தேன். உள்ளே அவனும் எடுத்தான். அவனிடமும் சொல்லியிருப்பார்கள் போல, சிரித்தான்.

"என்னக்கா, இங்கயும் ஆரம்பிச்சுட்டியா? நிறுத்தச் சொல்லிடாத. அளவா அடிக்கச் சொல்லு."

சரி என்று தலையாட்டினேன்.

நான் என்றைக்கு அவனை அளவாக அடித்திருக்கிறேன்?