விட்டுக்கொடுத்த விசா

“பெரிய மனசுய்யா உமக்கு! இந்தக் காலத்துல யாரு விட்டுக்குடுப்பா?”

வளைகுடாவில், முசஃபா தொழிலாளர் கேம்ப்பில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் பத்துப் பேர் வீரபாண்டியின் முதுகில் தட்டியிருந்தார்கள்.

வருடத்துக்கு மூன்று மாதம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் தற்காலிக விசாவில் ஊரிலிருந்து வெல்டர்கள் வருவார்கள். அடுத்த வருடத்துக்கு அந்த விசாக்களையும் பாதியாக வெட்டிவிட்டார்கள், புண்ணியவான்கள். வீரபாண்டிக்கும் அருள்முருகனுக்கும் சேர்த்து ஒரே ஒரு விசாதான் மிச்சம்.

“டெஸ்ட் வெச்சுடுவோம். நல்லா வெல்டிங் அடிக்கிறவருக்கு விசா” என்றார் சூப்பர்வைசர் ஹபீப் முகம்மது. இருபது வருட வெல்டர் வீரபாண்டியின் முன் நேற்று வந்த அருள்முருகன் எம்மாத்திரம்?

ஆனால் இன்று காலை வீரபாண்டி அடித்த வெல்டிங், இரண்டு குழாய்களும் சேருகிற கோட்டை விட்டு விலகி ஓடியிருந்தது. கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பு.

பஸ் ஏறும் முன்பே ரிசல்ட்டைச் சுவரில் ஒட்டினார்கள். வீரபாண்டி அதற்கு நேர் எதிரே நின்றுகொண்டு, “என்ன போட்டுருக்கு? நீயே வாசிடா அருளு” என்றார். அருள்முருகன் தன் பெயரையே வாசித்தான்.

கேம்ப் ரூமுக்குள் நுழைந்ததும் அவன் சட்டென்று அவர் காலில் விழுந்தான்.

“எம் பொண்டாட்டி கனகா மாசமா இருக்கான்னுதானே வேணும்னே தப்பா அடிச்சீக? சாகுற வரைக்கும் மறக்க மாட்டேண்ணே.”

“எந்திரிடா. நல்லபடியா வந்து பொழச்சுக்க.”

வீரபாண்டியின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு சமையல்கூடத்தின் பின்பக்கம் போனார். ஊரிலிருந்து மனைவி நாகவள்ளி.

“கனகா போன் பண்ணி, நீங்கதான் சாமின்னு அழுவுறா. அவ வீட்டுக்காரருக்கு விசாவ விட்டுக்குடுத்தீகளாமே! நம்ம உமாராணி காலேஜு பாதியில நிக்குமேன்னு தோணலையா? பெத்த மகளவிட ஊரான் பெருசாப் போயிட்டானா?”

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை பீறிட்டது. லுங்கி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகை நிற்கவில்லை.

“என்னங்க... ஏன் அழுவுறீக? ஏதாவது சொல்லுங்க.”

“கைப்பழக்கத்துல இந்த வருசத்த எப்புடியோ ஓட்டிட்டேன், வள்ளி. நான் யாருக்கும் விட்டுக்குடுக்கல...”

“பின்ன?”

“எனக்குக் கண்ணு தெரியலடி.”