இறங்கிய இடம்

பதின்மூன்று வருடம் இந்திய அணிக்காகக் கூடைப்பந்து ஆடிய ஜெசிந்தாவுக்கு, அன்றைய தேர்வு ஆட்டத்தில் பவதாரிணியைத் தடுக்க வேண்டியிருந்தது. பத்தொன்பது வயதுப் பெண். அவள் எம்பி எறிந்த ஒன்பது பந்துகளில் ஏழு வளையத்துக்குள் விழுந்திருந்தன. அணியில் மிச்சமிருந்ததோ ஒரே இடம். பத்தாவது முறை பவதாரிணி எம்பியபோது, அவள் இறங்கப்போகும் இடத்தில் ஜெசிந்தாவின் கால் இருந்தது. அது தானாகப் போகவில்லை, அவள்தான் வைத்தாள். நடுவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணுக்கால் முறிந்து கிடந்தவளை முதலில் குனிந்து தூக்கியதும் ஜெசிந்தாதான்.

மூன்றாம் நாள், பட்டியலில் தன் பெயரைப் பார்த்த பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போனாள். சொல்லிவிடத்தான் போனாள். ஆட்டோவில் வழியெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். பவதாரிணியின் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "அன்னைக்கு நீங்க இல்லேன்னா எம்பொண்ண யாரு தூக்கியிருப்பா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியிலிருந்து கையை எடுக்கத் தெரியாமல் ஜெசிந்தா சுவரைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க" என்றாள் பவதாரிணி. "யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், புரியவே மாட்டேங்குது. நான் எங்க தப்பா எறங்குனேன்?"

அம்மாவும் ஜெசிந்தாவின் வாயையே பார்த்தார்.

"ஒடம்ப ரொம்ப முன்னாடி சாய்ச்சுட்ட" என்றாள் ஜெசிந்தா.

பவதாரிணி கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி தலையாட்டினாள். "சரிக்கா. இனிமே மாத்திக்கிறேன்."