மெதுவாக ஓடிய குரல்

ஒலிநாடா சுற்றத் தொடங்கியதும் ஹைக்கே கண்களை மூடிக்கொண்டாள். ஒரு குடிகாரன் பேசப் போகிறான் என்று காத்திருந்தாள்.

பேசியது ஒரு பையன்.

மெல்லிய, தெளிவான, கொஞ்சம் அவசரமான குரல். தப்பும் தவறுமான ஜெர்மனில், "ஹில்ட்ரூட், நான்தான், வெர்னன். கேக்குதா?" என்றது.

"இது வேற யாரோ," என்றாள் ஹைக்கே.

பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் அம்மா ஹில்ட்ரூட், மடியில் இருந்த கைப்பையை இறுக்கிக்கொண்டாள்.

வெர்னன் இதே ஜெர்மன் ஊரான கைசர்ஸ்லாவுட்டர்னில், அமெரிக்கப் படை முகாமில் லாரி ஓட்டியவன். ஹில்ட்ரூட்டைக் கட்டிக்கொள்வதாக இருந்தது. அவள் வயிற்றில் குழந்தை இருந்தபோது அவனை வியட்நாமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

போகும்போது தன்னுடைய அமெரிக்க டேப் ரெக்கார்டரை அவளிடம் விட்டுப் போனான். அதை இந்த ஊர் மின்சாரத்தில் ஓட்டுவதற்கு, தூக்க முடியாத கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியையும். எழுதுவதற்கு இருவருக்குமே அடுத்தவர் மொழி போதாது. பேசி அனுப்பிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

அவனிடமிருந்து வந்தது இந்த ஒரு நாடாதான்.

ஹில்ட்ரூட் அன்று அதை அந்த ரெக்கார்டரில் போட்டபோது கேட்டது வேறு குரல். கனத்து, இழுத்து, ஒவ்வொரு சொல்லும் வாயில் ஒட்டிக்கொண்டு வந்தது. அப்படிப் பேசுபவரோடுதான் அவள் வளர்ந்தாள். அவள் அப்பா குடித்துவிட்டு வந்து முதலில் பேசுவார், பிறகு அடிப்பார்.

குடியைத் தொடவே மாட்டேன் என்று வெர்னன் சத்தியம் செய்திருந்தான்.

இயந்திரத்தில்தான் கோளாறோ என்றுகூடப் பார்த்தாள். தானே பேசிப் பதிவு செய்து, போட்டுக் கேட்டாள். அவள் குரல் அவள் குரலாகவே இருந்தது. வெர்னன் பேசியதைப் பாதிகூடக் கேட்காமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

அவன் திரும்பி வரவில்லை. போரில் சாகவில்லை, உயிரோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தான் என்று மட்டும் முகாமில் யாரோ சொன்னார்கள்.

பள்ளியில் ஹைக்கேவை, குடிகாரன் விட்டுப் போனது என்றார்கள். ஒரு நாள் அம்மா வேலைக்குப் போயிருந்தபோது திருட்டுத்தனமாக அந்த நாடாவைப் போட்டுக் கொஞ்சம் கேட்டாள். அவர்கள் சொன்னது சரிதான் என்று தெரிந்தது. மறுபடி அதைத் தொடவில்லை.

இப்போது அம்மா முதியோர் இல்லத்துக்குப் போகிறாள். வீட்டைக் காலி செய்யும்போது நாடா கிடைத்தது. அமெரிக்க டேப் ரெக்கார்டர் செத்துக் கிடந்தது. ஒரு தடவை கேட்டுவிட்டுக் குப்பையில் போடலாம் என்று லோத்தரின் கடைக்குக் கொண்டுவந்தார்கள். லோத்தர் பழைய ரேடியோக்களைச் சரிசெய்பவர், ஹில்ட்ரூட்டோடு படித்தவர். தன்னிடம் இருந்த ஜெர்மன் டேப் ரெக்கார்டரில் மாட்டினார்.

"வேற யாரும் இல்லம்மா, உங்கப்பாதான்," என்றார் ஹைக்கேவிடம். "டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும். அமெரிக்காக்காரன் கரண்டு, அவன் வியட்நாம் முகாம்லயும், நொடிக்கு அறுபது தடவை துடிக்குது, நம்மளது அம்பதுதான். அதை அந்தப் பெட்டி மாத்தாது. அவங்க ரெக்கார்டர் மோட்டார் அந்தத் துடிப்புக்குத் தக்கத்தான் ஓடும், இங்க மெதுவாகும். அங்க பேசினது இங்க இழுத்துக்கிட்டுத்தான் கேக்கும்."

"என் குரல் சரியாத்தானே கேட்டுச்சு?" என்றாள் ஹில்ட்ரூட்.

"மெதுவா ஓடுறதுல பேசி, மெதுவா ஓடுறதுலயே கேட்டா எப்படித் தெரியும்?"

நாடா ஓடிக்கொண்டே இருந்தது. ஹில்ட்ரூட் கேட்காமல் விட்ட பகுதி வந்தது.

"இங்க எல்லாரும் குடிக்கிறாங்க. நான் தொடல. பால்குடிப் பையன்னு கிண்டல் பண்றாங்க, பண்ணட்டும். ஹில்ட்ரூட், பாப்பா பொறந்ததும் அது அழுறதைப் பதிவு பண்ணி அனுப்புறியா? ஒரு நிமிஷம் போதும். அதைக் கேட்டுக்கிட்டே இங்க இருந்துடுவேன்."

அவன் சிரிப்பது கேட்டது. பிறகு வெறும் இரைச்சல்.

ஹைக்கே முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. "அப்புறம் ஏன் வரல? குடிக்கலன்னா, இவ்வளவு ஆசைப்பட்டவர் ஏன் வரல?"



"லோத்தர்," என்றாள் ஹில்ட்ரூட். "நான் அந்த அமெரிக்க ரெக்கார்டர்ல பேசி அனுப்பினா, அங்க எப்படிக் கேட்டிருக்கும்?"

லோத்தர் சிரித்துவிட்டார். "கீச்சு கீச்சுன்னு. ஸ்கூல் பொண்ணு பாடம் ஒப்பிக்கிற மாதிரி."

"என்ன சொல்றேன்னு புரிஞ்சிருக்காதா?"

அவள் கேட்ட விதத்தில் அவர் சிரிப்பு நின்றது.

"புரிஞ்சிருக்கும் ஹில்ட்ரூட். எல்லாம் புரிஞ்சிருக்கும்."

ஹைக்கே அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீ பதிலே அனுப்பலன்னுதானே சொன்ன?"

ஹில்ட்ரூட் சுற்றிக்கொண்டிருந்த வெற்று நாடாவைப் பார்த்தபடி இருந்தாள்.

"அனுப்பினேன். கொழந்தை செத்துத்தான் பொறந்துச்சு, இனி இங்க வராதன்னு."

லோத்தர் கை நீட்டி இயந்திரத்தை நிறுத்தினார்.

"நீ பக்கத்துல தூங்கிட்டு இருந்த," என்றாள் மகளிடம். "முழிச்சு அழுதிடப் போறியேன்னு ரொம்ப மெதுவாப் பேசினேன்."