பொத்தான் முகங்கள்

“சட்டைப் பொத்தானை ஒட்டி முகம் செஞ்சா அது கலையா? எந்த வேலைவெட்டி இல்லாதவன் செஞ்சானோ! என் பொண்ணுங்களை இனிமே அந்தக் கண்காட்சிப் பக்கமே கூட்டிட்டுப் போகாதே!” ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணன் எரிந்து விழுந்தான்.

தங்கை மசியவில்லை. “நாளைக்கும் கூட்டிட்டுப் போவேன். அத்தைன்னு நான் வேற எதுக்கு இருக்கேன்?”

“அதுல ஒரு முகம் உங்களை மாதிரியே முறைக்குதுப்பா,” என்று சின்னவள் சிரித்தாள்.

அவளை முறைத்துக்கொண்டே சட்டையை மாட்டியவன் கத்தினான். “இதுலயும் ஒரு பொத்தானைக் காணோம்! அந்த இஸ்திரிக்காரனை இன்னைக்கு உண்டு இல்லைன்னு பண்றேன்!”

“அவரை ஏன் திட்டுறீங்க? நான்தான் பிச்சேன். உங்க மூக்குக்கு ஒண்ணு குறைஞ்சுது,” என்றபடி அடுக்களையிலிருந்து வந்த அண்ணி கையை நீட்டினாள். “சட்டையைக் கழட்டுங்க. காதுக்கு இன்னும் ரெண்டு வேணும்.”