உட்காரவிடாத சூப்பர்வைசர்

காஜா அக்கா மிஷினில் உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அதற்குள் சூப்பர்வைசரம்மாவின் குரல் வந்துவிட்டது.

"காஜா, கீழ போய் நூல்கண்டு எடுத்துட்டு வா."

சட்டைகளுக்குக் காஜா, அதாவது பட்டன் ஓட்டை, போடுகிற அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். காலையிலிருந்து இதே கூத்துதான். நூலுக்கு ஒரு நடை, பட்டனுக்கு ஒரு நடை, தைத்த சட்டைகளை மாடிக்குக் கொண்டுபோக ஒரு நடை. தையல் கூடத்தில் இத்தனை பேர் இருக்க, மாத்திரையை விழுங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவள்தானா இந்தம்மாவுக்குக் கிடைத்த இளிச்சவாய்?

பக்கத்து மிஷின்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அநியாயத்தைக் கண்டால் வெடித்துவிடுவாள் என்பதால் அவளுக்குப் பட்டாசு என்றே பேர். நீங்க வாயை மூடிக்கிட்டு இருக்கறதாலதான் தலைமேல ஏறி உட்கார்றாங்க என்று அக்காவிடம் பொருமினாள். விடும்மா, அவங்க நல்லவங்க என்று அக்கா மழுப்பியது பட்டாசின் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. அடிக்கிற கைக்கே வக்காலத்து வாங்குகிறாளே!

சாப்பாட்டு மணி அடித்ததும் நேராக மேனேஜர் அறைக்குப் போய்க் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

மேனேஜர் அன்றைக்கே கூடத்துக்கு வந்து, அத்தனை பேர் முன்னாலும் சூப்பர்வைசரம்மாவை வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பேச முகம் இருந்தால்தானே என்று நினைத்துக்கொண்டாள் பட்டாசு.

"இனிமே ஷிஃப்ட் முடியற வரைக்கும் இவங்களை யாரும் சீட்டை விட்டு எழுப்பக் கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார் மேனேஜர்.

சாயங்காலம் வாசலில் காஜா அக்கா வந்து பட்டாசின் கையைப் பிடித்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று பார்த்தால், கண் கலங்கியிருந்தது.

"எனக்கு வெறும் முட்டிவலி இல்லம்மா. நோயை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள் என் உடம்பையே எதிர்த்து, ரத்தத்தை உறைய வைக்குது. ஒரு தடவை கால்ல உறைஞ்சது நுரையீரலுக்கே போய், பிழைச்சதே பெரும்பாடு. ஒரே இடத்துல உட்காராதே, அப்பப்ப நடன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இங்க சும்மா எழுந்தா மேனேஜர் கேமராவுல பார்த்துட்டுக் கூப்பிட்டுடுவார். வியாதின்னு தெரிஞ்சா வேலையே போயிடும். விஷயம் அந்தம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அதனாலதான் வேலை ஏவற மாதிரி ஏவி என்னை நடக்க வச்சாங்க. இன்னிக்கு அவ்வளவு திட்டு வாங்கியும் என்னைக் காட்டிக் கொடுக்கல."

பட்டாசு மேனேஜர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நாளையிலேர்ந்து என்னை யாரும்மா எழுப்புவாங்க?" என்றாள் அக்கா.