காக்கை தூக்கி எறிந்த பகுதி

செல்போன் கோபுரத்தில் கூடு கட்டியிருந்த காக்கைக்கு, தான் இல்லாதபோது வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. எங்கிருந்தோ கொத்தி வந்த போனில், தனக்குப் பதிலாகப் பேசும் ஏஜென்ட் செய்கிற மென்பொருள் கிட் ஒன்றை இறக்கியது. கேட்கும் பகுதி, பேசும் பகுதி எல்லாம் தயாராக இருந்தன, கோத்தால் போதும். ஒன்றை மட்டும் காக்கை தூக்கி எறிந்தது. அது, 'எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்கிற பகுதி.

"என் வாசலில் நின்றுகொண்டு தெரியாது என்பதா? மானம் போய்விடும்!"

போனைக் கூட்டு வாசலில் வைத்துவிட்டுக் காக்கை பறந்ததும் குயில் வந்தது. "இது நான் முட்டையிடுகிற இடம்தானே?"

"ஆமாம் அம்மா, சரியாகச் சொன்னீர்கள்! தாராளமாக இடுங்கள்" என்றது போன்.

திரும்பி வந்த காக்கை திகைத்தது. காலையில் மூன்று முட்டைகள், இப்போது நான்கு.

"ஏய், இதில் என் முட்டை எது?"

"நான்குமே உங்களுடையவைதான் அம்மா!"

ஒரு நொடிகூடத் தயங்காத அந்தப் பதிலில் காக்கைக்கு உச்சி குளிர்ந்துபோனது. நான்கையும் அணைத்து உட்கார்ந்துகொண்டு, பக்கத்துக் கோபுரத்துக் காக்கையைக் கூப்பிட்டது.

"உனக்கும் இப்படி ஓர் ஏஜென்ட் செய்து தரட்டுமா?"